பளபளக்கும் பழைய கான்டஸா: முதலில் புத்தகம், அப்புறம் தகரம்!

மல்லேஸ்வரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சம்பிகே ரோட்டில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் பூவும் காய்கறியும் வாங்க வந்தவர்கள், கோவிலுக்குப் போகிறவர்கள், டிபனுக்காகக் காத்து நிற்பவர்கள் என்று நடக்கவே இடம் இருக்காது.

அந்தக் கூட்டத்தை விட்டு விலகிய ஒரு குறுக்குத் தெருவில், மர நிழலில், ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட மூக்கு. அகன்ற தோள். கருஞ்சிவப்பு வர்ணம் கண்ணாடி போல் மின்னுகிறது. முன் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்குகிறது: “விற்பனைக்கு. முழுவதும் புதுப்பித்தது. பெரிய என்ஜின் வைத்தது.”

கையில் காய்கறிப் பையுடன் வந்த குமாஸ்தா ஒருவர் அந்தக் காரைக் கண்டதும் நின்று விடுகிறார். அது கான்டஸா. அவர் 1988-ல் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய அதிகாரி வந்து இறங்கிய கார். கதவைத் திறந்து விடக்கூட அவருக்கு முறை வந்ததில்லை. இன்று ஓய்வு பெறும் காலம் நெருங்கி விட்டது. சேமநிதிப் பணம் வரப்போகிறது. கேட்கும் விலையும் எட்டாத விலையாக இல்லை.

“என்னங்க, வீட்டுக்கு வரலாமா?” என்கிறார் மனைவி.

“இரு, ஒரு நிமிஷம்” என்கிறார் அவர்.

அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். இந்த மாதிரிக் காரை வாங்கலாமா, கூடாதா? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது? அதற்கு முன், இந்தக் காருக்கு ஏன் இவ்வளவு மயக்கம் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பிறந்த மோகம்

நடுத்தர அளவுள்ள கார். அதற்குள் பெரிய காருக்கு உரிய எட்டு சிலிண்டர் என்ஜின். விலையோ சாதாரண ஆள் வாங்கக் கூடியது. இதுதான் அமெரிக்காவின் ‘மஸில் கார்’. புஜபலம் உள்ள கார் என்று பொருள் கொள்ளலாம்.

1964-ம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இந்த வகைக்கு வழி காட்டியது. அதன் என்ஜின் 6.4 லிட்டர், சக்தி 325 குதிரை. அதே 1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி போர்டு கம்பெனி மஸ்டாங் காரை வெளியிட்டது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் ஓராண்டிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. பிறகு டாட்ஜ் சார்ஜர், செவர்லே கமாரோ என்று வரிசையாக வந்தன.

இவற்றை வாங்கியவர்களில் கோடீசுவரர்கள் மட்டும் இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்த வாலிபர்களும் மாதத் தவணை கட்டி வாங்கினார்கள். சம்பளக்காரனுக்கும் எட்டிய கனவு என்பதால்தான் அந்தக் கார்களின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1970-ல் அங்கே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையானது. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்ததும் பெரிய என்ஜினின் மவுசு சரிந்தது.

இங்கே ஏன் வரவில்லை?

அமெரிக்கக் கார் இந்தியாவுக்குப் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-லிருந்து பம்பாய் சிவ்ரியில் கார்களைப் பூட்டி விற்றது. போர்டு கம்பெனி 1926-ல் இந்தியாவில் கிளை தொடங்கி, சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் வேலை நடத்தியது.

சுதந்திரத்துக்குப் பின் அரசின் கொள்கை மாறியது. உதிரிப் பாகங்களை இங்கேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கே இனி இடம் என்று முடிவானது. 1954-ல் அந்த இரண்டு கம்பெனிகளும் கடையைக் கட்டின. அப்புறம் வந்த முப்பது ஆண்டுகளில் நாம் கண்டதெல்லாம் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும்தான். அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போனது. தூதரகத்தார் கொண்டு வந்து, பின்பு அரசு வர்த்தகக் கழகம் மூலம் விற்கப்பட்ட கார்கள்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் பட்டன.

அதனால் மஸ்டாங் காரை நம்மவர்கள் ஆங்கிலப் படத்தில் பார்த்ததோடு சரி. வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த மஸ்டாங் முறையாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2016-ல்தான். அப்போது அதன் விலை 65 லட்சம் ரூபாய்!

கான்டஸாவின் வம்சம்

இந்த வெறுமையில்தான் 1984-ல் கான்டஸா வந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடர் செய்து வந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியின் தயாரிப்பு.

இதன் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே வாக்ஸால் கம்பெனி 1976-லிருந்து 1978 வரை விற்ற வி.எக்ஸ். வகைக் காரின் அச்சுகளை வாங்கி வந்துதான் கான்டஸாவை உருவாக்கினார்கள். வாக்ஸால் 1925-லிருந்தே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த கம்பெனி. எனவே உடம்பில் அமெரிக்கச் சாயல் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவின் மஸில் கார் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இந்த உருவம்தான்.

உருவம் சரி. உள்ளே என்ன இருந்தது? அம்பாசடரில் ஓடிய அதே 1,489 சி.சி. என்ஜின்! சக்தி சுமார் 50 குதிரை. பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையனின் மூச்சு என்று சொல்லலாம். மேட்டில் ஏறினால் திணறியது.

இந்தக் குறையைப் பிற்பாடு கம்பெனியே தீர்த்தது. ஜப்பானிய இசுசூ கம்பெனியின் 1,817 சி.சி. பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வைத்தார்கள். சக்தி சுமார் 88 குதிரையானது. பின்னர் டீசல் வகையும் வந்தது.

ஆனால் மாருதியும் அதற்குப் பின் வந்த புதுக் கம்பெனிகளும் சந்தையை மாற்றி விட்டன. 2002-ல் கான்டஸா நின்றது. 2014-ல் அம்பாசடரும் நின்றது.

இன்று ஓடுகிற ஒவ்வொரு கான்டஸாவும் ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் கைபட்டுப் பிழைத்திருப்பதுதான். டிங்கரிங், வெல்டிங், பெயிண்டிங், சீட் தைப்பது என்று பல கைகள் சேர்ந்தால்தான் ஒரு பழைய கார் எழுந்து நிற்கும். பெங்களூரில் அந்தக் கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

புதுப்பிப்பது வேறு, மாற்றுவது வேறு

அட்டையில் இரண்டு சங்கதிகள் எழுதியிருந்தன. “புதுப்பித்தது” என்பது ஒன்று. “பெரிய என்ஜின் வைத்தது” என்பது மற்றொன்று. விற்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். வாங்குபவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பது, பிரேக்கைச் சரி செய்வது, வயரிங்கை மாற்றுவது, சீட்டுக்குப் புது உறை போடுவது ஆகியவை புதுப்பித்தல். கார் பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மீட்பது. இதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

சிறிய என்ஜினை எடுத்துவிட்டு வேறு கம்பெனியின் பெரிய என்ஜினை ஏற்றுவது மாற்றம். இங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. இதைச் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தி எழுதப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க வழி செய்கிறது.

தண்டனை யாருக்கு? மாற்றிய பட்டறைக்காரரோடு போகாது. வண்டியின் சொந்தக்காரரைத்தான் அந்தப் பிரிவு பிடிக்கும். இன்று அவர் பெயரில் இருக்கும் வண்டி நாளை உங்கள் பெயருக்கு வந்தால், வண்டியோடு வில்லங்கமும் வரும்.

இன்சூரன்சும் இப்படியே. புத்தகத்தில் ஒரு என்ஜின் எண், வண்டியில் வேறு எண் என்றால், விபத்து நடந்த அன்று கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும்.

“பழைய கார்தானே, புராதன வண்டி என்று சலுகை கிடைக்காதா?” என்று கேட்கலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு புராதன வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது உண்மை. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, தினமும் ஆபீசுக்குப் போய் வர முடியாது.

முதல் கான்டஸாவுக்கே 2034-ல்தான் 50 வயது ஆகும். ஆகவே இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அசல் அமெரிக்கக் காராகவே இருந்தாலும், பழைய என்ஜினைக் கழற்றிப் புதியதை மாட்டியிருந்தால் இந்தச் சலுகையைக் கேட்பது கடினம்.

பதினைந்து வயது தாண்டிய கார்

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பின் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கான்டஸா நின்றது 2002-ல். ஆக, கடைசியாக வந்த கார்களுக்கே 2017-ஐ ஒட்டி அந்த 15 ஆண்டும் முடிந்து விட்டது. எனவே எந்தக் கான்டஸாவைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “பதிவு எந்தத் தேதி வரைக்கும் புதுப்பித்திருக்கிறது?”

2025 ஆகஸ்டு மாத அறிவிப்பின்படி, 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய்; இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். விலை பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கார் தமிழ்நாட்டு எண்ணோடு இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடக எண் பெற்றாக வேண்டும் என்பது 47-வது பிரிவு. அதற்கு இங்கே வரியும் கட்ட வேண்டும். “டி.என். நம்பர், அதனால் விலை மலிவு” என்று ஆசை காட்டினால், அந்த மலிவு எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கைப்பேசியில் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால், பதிவு எத்தனை நாள் செல்லும், இன்சூரன்ஸ் உண்டா, கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். மிகப் பழைய பதிவுகள் சில கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம். அப்படியானால் நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிடுவதே நல்லது.

மெக்கானிக் சொல்லும் பாடம்

புத்தகம் சரியாக இருந்தால் அடுத்தது தகரம். நமது குமாஸ்தா புத்திசாலி. மறுநாள் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு வருகிறார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுக்கிறார்.

“இது எதுக்கு தம்பி?”

“சார், பெயிண்டைப் பார்த்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும். காந்தம் ஒட்டினா அடியில தகரம். ஒட்டலைன்னா பட்டி. ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பூசி மறைச்சிருப்பாங்க.”

கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, டிக்கியின் தரை, முன் கண்ணாடியின் ஓரம் ஆகிய இடங்களில்தான் தண்ணீர் தங்கும். துருவும் அங்கேதான் தொடங்கும். மிதியடியைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லாரிக்கு இருப்பதுபோல் கான்டஸாவுக்குத் தனி சேஸிஸ் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டி துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை; காரின் முதுகெலும்பே தளர்கிறது.

அடுத்து எண்கள். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். அதைப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

“வண்டியை முன்னாடியே சூடு பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிட்டு வரணும் சார். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும்” என்கிறார் மெக்கானிக். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஆயில் மூடியின் உள்ளே பால் போன்ற கசடு இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது.

“பெரிய என்ஜின் வெச்சிருக்காங்களே, நல்லா இழுக்குமே?” என்று கேட்கிறார் குமாஸ்தா.

“இழுக்கும் சார். நிக்குமான்னு பாருங்க!”

மெக்கானிக் சொல்வது நியாயம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்துவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலையை, 85 கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் செய்ய வேண்டும். வேகம் கூடுவது கொஞ்சம்தான். பிரேக்கின் சுமையோ இரட்டிப்பு. சிறிய என்ஜினுக்கு என்று அளவெடுத்துச் செய்த பிரேக், ரேடியேட்டர், கிளட்ச், பின் அச்சு ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு என்ஜினை மட்டும் பெரிதாக்கினால், உயிருக்கே உலை வைக்கும்.

பெட்ரோல் விஷயமும் உண்டு. இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அந்தக் கால ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவசியம்.

உதிரிப் பாகத்துக்குக் கம்பெனியை நம்ப முடியாது. ஜே.சி. ரோடு கடைகளிலும், சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலும், சென்னை புதுப்பேட்டையிலும் தேடி அலைய வேண்டியதுதான். கதவோ கண்ணாடியோ வேண்டுமானால், எங்காவது உடைப்புக்கு வந்த இன்னொரு கான்டஸா கிடைக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள காரை மல்லேஸ்வரம் குறுக்குத் தெருவில் நிறுத்த இடம் தேடுவது தனி வேலை!

விற்பவரும் தப்ப முடியாது

வாங்குபவருக்குச் சொன்ன எச்சரிக்கை விற்பவருக்கும் உண்டு. “பணம் வந்தது, சாவி கொடுத்தேன், என் வேலை முடிந்தது” என்று நினைப்பது தவறு. 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் பெயர் மாற்றியாக வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாட்களுக்குள்.

பெயர் மாறும் வரை, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும், விபத்து நஷ்டஈட்டு வழக்கு முதல் ஆளின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஊரில் ஒரு காரை விற்று விட்டு வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவர்கள், பெயர் மாறி விட்டதா என்று இன்றைக்கே ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கினாரா?

மெக்கானிக் காரின் அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொள்கிறார்.

“தகரம் நல்லா இருக்கு சார். செஞ்சவன் கைகாரன். ஆனா புத்தகத்துல ஒரு என்ஜின், வண்டியில ஒரு என்ஜின். பழைய என்ஜினைப் பத்திரமா வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. அதைத் திரும்ப மாட்டி, நம்பரும் சரியா இருந்து, உங்க பேருக்கு மாத்தியும் கொடுத்தா வாங்கலாம். இல்லேன்னா, பார்த்து ரசிச்சிட்டுப் போயிடலாம்.”

குமாஸ்தா காரை ஒரு தடவை சுற்றி வருகிறார். பின் கதவைத் திறந்து, அதிகாரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். பிறகு எழுந்து வந்து, விற்பவரிடம் முதல் கேள்வியைக் கேட்கிறார்:

“ஆர்.சி. புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

சேமநிதிப் பணம் ஒரு முறைதான் வரும். விலையைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.